அனுப்பிய கோப்பு அங்கே திறக்கிறதா?

2017ஆம் ஆண்டு ஆவணியில் இணையவழியாக எனக்கு முதல் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. வேலை தந்தவர்கள் இலண்டனில் இருந்தார்கள். முதியோர் பராமரிப்பைப் பற்றிய 14 பக்கக் கையேட்டைத் தமிழாக்க வேண்டும். நான்கு இரவுகள் விழித்திருந்து செய்தேன். திருகோணமலை நகரத்தில் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடம் கல்யாண அழைப்பிதழ்களும் கோயில் திருவிழா நோட்டீஸ்களும் பாடசாலை மலர்களும் தட்டிய கை என்னுடையது. வேகத்தில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனையும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பதில் காத்திருந்தது: “தவறான கோப்பை அனுப்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறோம். இதில் தமிழே இல்லை.”

கூடவே தங்கள் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். 14 பக்கமும் ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள். ‘தமிழ்’ என்று நான் தட்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி. மனம் பதறிவிட்டது. என் கணினியில் அதே கோப்பு பளிச்சென்று தமிழாகத் தெரிந்துகொண்டிருந்தது.

இலங்கையில் அச்சகத்தில் வேலை செய்த எவருக்கும் காரணம் உடனே விளங்கும். நான் தட்டியது பாமினி எழுத்துருவில். பாமினியில் தட்டும்போது கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. ஆங்கில ஜே இருக்கவேண்டிய இடத்தில் ‘த’ என்ற வடிவத்தை வரைந்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. பாமினி உள்ள கணினியில் ‘த’ தெரியும். இல்லாத கணினியில் ஜே தெரியும். அச்சகத்தில் இதனால் ஒரு குறையும் வந்ததில்லை. கணினியும் எழுத்துருவும் அச்சு இயந்திரமும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தன. வெளியே போனது தாள். இணைய வேலையில் வெளியே போவது கோப்பு. அதைத் திறப்பவர் யார், எந்தக் கணினியில் திறக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிலையான எண் கொடுக்கும் ஏற்பாடு யுனிகோட். அது 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. அதில் ‘அ’ என்றால் 2949, ‘க’ என்றால் 2965. மூதூரில் திறந்தாலும் ரொறன்ரோவில் திறந்தாலும் அந்த எண் மாறாது. இது அப்போது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அதற்கு மாறவேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். அந்த 14 பக்கத்தையும் ஒரு மாற்றி மென்பொருளில் போட்டு யுனிகோடாக்கி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, இரண்டு நாள் தாமதமாக அனுப்பினேன். பணம் தந்தார்கள். அடுத்த வேலை தர மூன்று மாதம் எடுத்தார்கள்.

அந்த மூன்று மாதத்தில்தான் விசைப்பலகையை மாற்றினேன். பாமினி தட்டிய கைக்கு நம் நாட்டுத் தரநிலையான ரெங்கநாதன் விசைப்பலகை ஓரளவு பழகியதாகவே இருக்கும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் தமிழ்99 என்ற விசைப்பலகையைச் சொல்லிக் கொடுக்கிறேன். உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று பிரித்திருப்பதால் விரல் தடுமாறாது. ‘அம்மா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை அவசரத்துக்கு உதவும். ஒரு நாளைக்கு மூவாயிரம் சொல் தட்டவேண்டியவர்கள் அதை நம்பியிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழை ஆங்கிலத்தில் யோசித்துத் தட்டுகிறவரின் சந்திப் பிழைகளை நான் தினமும் திருத்துகிறேன்.

யுனிகோடுக்கு மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வருடம், சொற்பட்டியல் ஒன்றில் ‘கௌரவம்’ என்ற சொல்லைத் தேடினேன். அது என் கண்முன்னே இருக்கிறது. கணினி இல்லை என்கிறது. அரை நாள் போனது. பாமினியில் ‘கௌ’ எழுத, கொம்புக்கும் ககரத்துக்கும் பிறகு ளகர விசையையே தட்டுவோம். அந்தப் பழக்கம் யுனிகோடிலும் தொடர்ந்திருக்கிறது. ஒழுங்கான ‘கௌ’ இரண்டே குறியீடு: 2965, 3020. நான் தட்டியிருந்தது ‘கெ’யும் ‘ள’வும்: 2965, 3014, 2995. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு வேறு வேறு சொல். சௌபாக்கியம், மௌனம், பௌர்ணமி, ஔவை எல்லாவற்றிலும் இதே பிழை ஒளிந்திருக்கும். இன்று தமிழ்த் தட்டச்சு வேலைக்கு வருகிற எவரிடமும் நான் முதலில் தட்டச் சொல்வது ‘பௌர்ணமி’ என்ற சொல்லைத்தான்.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் வேலை செய்ய என்ன கணினி அறிவு வேண்டும் என்று கேட்டு வருகிற பிள்ளைகள் பெரிய மென்பொருள்களின் பெயர்களைச் சொல்கிறார்கள். படம் வடிவமைக்கக் கற்கவேண்டுமா, நிரல் எழுதக் கற்கவேண்டுமா என்று கேட்கிறார்கள். கற்கட்டும், நல்லது. ஆனால் எனக்கும் என்னைச் சுற்றி இருப்பவர்களுக்கும் வேலை போனது ஒருபோதும் அவற்றால் இல்லை. நாம் செய்து முடித்த வேலை மறுபக்கத்தில் இருப்பவரின் கையில் முழுதாகப் போய்ச் சேராததால் போனது.

அட்டவணைக் கோப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உப்புவெளியிலிருந்து என்னிடம் வேலை பழகிய ஒரு தம்பி, சுமார் 600 பேரின் விவரங்களை எக்செல்லில் ஏற்றும் வேலையைப் பிடித்தார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம். ஒரு வாரம் உழைத்து முடித்து, சிஎஸ்வி கோப்பாக, அதாவது அட்டவணையை வெறும் எழுத்தாக மட்டும் வைத்திருக்கும் கோப்பாக, சேமித்து அனுப்பிவிட்டார். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 026 என்று தொடங்கவேண்டிய நம் ஊர்த் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் 26 என்று தொடங்கின. 2016 முதல் வழங்கப்படும் புதிய அடையாள அட்டை இலக்கங்களின் கதி இன்னும் மோசம். பன்னிரண்டு இலக்கங்களுக்குப் பதிலாக ஒரு புள்ளி எண், நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, கூட்டல் குறி, பிறகு 11.

எக்செல் தன் போக்கில் சரியாகத்தான் நடந்துகொண்டது. எண் என்று நினைத்தால் முன்னால் இருக்கும் பூச்சியத்துக்குப் பொருள் இல்லை, தூக்கிவிடும். 12 இலக்கம் வந்தால் நீளமான எண் என்று சுருக்கிக் காட்டும். சுருக்கிக் காட்டும் வரைக்கும் ஆபத்தில்லை, உள்ளே முழு இலக்கமும் இருக்கும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்புக்குள் போகிறது. பிறந்த ஆண்டும் அதற்கடுத்த இரண்டு இலக்கங்களும் மிஞ்ச, மற்ற ஆறும் போய்விட்டன. அவர் மூலக் கோப்பை வைத்திருக்கவில்லை. மறுபடி 600 பேர்.

தட்டத் தொடங்குவதற்கு முன்பே இப்படிப்பட்ட இலக்கங்கள் வரும் நெடுவரிசையை முழுவதும் தெரிவு செய்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடவேண்டும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண் இல்லை, எழுத்து. அடையாள அட்டை, தொலைபேசி, வங்கிக் கணக்கு எல்லாம் எழுத்து. தமிழ்ப் பெயர்கள் உள்ள பட்டியலை சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது, கோப்பு வகைகளில் ‘யுடிஎஃப்-8’ என்று இருப்பதைத் தெரிவு செய்யவேண்டும், யுனிகோட் எழுத்தைக் காப்பாற்றும் வகை அது. மற்றதில் சேமித்தால் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். சேமித்த பிறகு கோப்பை மூடி, நோட்பேடில் திறந்து ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும். அந்தத் தம்பி இன்று வவுனியாவில் இருந்துகொண்டு இந்த வேலையைத்தான் முழுநேரமாகச் செய்கிறார். அனுப்புவதற்கு முன் மூடித் திறந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை என்று போன மாதமும் சொன்னார்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நம் கரையில் ஏறியது. அன்று மாலை நான் மூன்று மணி நேர ஒலிப்பதிவு ஒன்றை எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். காற்று பலக்க முன் முடித்துவிடலாம் என்ற எண்ணம். மேசைக் கணினி, மின்கலச் சேமிப்பு எதுவும் இல்லை. மின்சாரம் போன கணத்தில் கோப்பு சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும். மறுநாள் மின்சாரம் வந்தபோது கோப்பின் பெயர் இருந்தது, அளவு பூச்சியம் என்று காட்டியது. ஒரு பிரதி வைத்திருந்தேன், அது அதே கணினியின் இன்னொரு கோப்புறையில், ஒரு வாரம் பழையது.

இப்போது என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கும். ஒன்று கணினியில். ஒன்று வெளி வன்தட்டில். அது பிரதி எடுக்கும் நேரம் தவிர கணினியோடு இணைந்திருக்காது. மற்றது கூகுள் டிரைவில். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி எழுத்து வேலைக்குத் தாராளம். ஆனால் மின்னஞ்சலும் படங்களும் அதே 15 ஜிபியில்தான் சேரும் என்பதை மறக்கக் கூடாது. இடம் நிறைந்தால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். நீண்ட வேலைகளை இப்போது நேரடியாக கூகுள் ஆவணத்திலேயே செய்கிறேன். அதில் ‘பதிப்பு வரலாறு’ என்று ஒன்று இருக்கிறது. நேற்று மூன்று மணிக்கு இந்தப் பந்தி எப்படி இருந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். கூகுள் ஆவணத்தைத் தினமும் பயன்படுத்துகிற பலர் அந்தப் பக்கத்தை ஒரு நாளும் திறந்ததில்லை.

2022இல் மின்வெட்டு வந்தபோது அந்தப் பாடம் உதவியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருட்டு. பகுதிகளை எழுத்து வாரியாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். நான் அந்த அட்டவணையை வைத்தே என் வேலையைப் பிரித்தேன். மின்சாரம் உள்ள நேரத்தில் பதிவிறக்கம், பதிவேற்றம், மின்கலம் நிரப்புவது. இல்லாத நேரத்தில் மடிக்கணினியில், திரையின் ஒளியைக் குறைத்து, இணையம் தேவைப்படாத தட்டச்சு. ரவுட்டருக்கென்று ஒரு சின்ன மின்கலப் பெட்டி வாங்கினேன். வாங்குகிறவர்கள் ரவுட்டரின் மின்மாற்றியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்கவேண்டும். என்னுடையது 12 வோல்ட். அந்த மாதங்களில் இலண்டன்காரர்களுக்கு நான் கொடுத்த ஒரு தவணையும் தவறவில்லை. இன்றுவரை அவர்கள் என்னோடு இருப்பதற்கு அந்த வருடம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

இணைய வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்லும் வேகம் பிட்டில். நம் கோப்பின் அளவு பைட்டில். எட்டு பிட் ஒரு பைட். போதாததற்கு, விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். பதிவேற்றம் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் 900 எம்பி காணொளியை அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும். தவணை மாலை ஐந்து மணி என்றால் நாலரைக்கு அனுப்பத் தொடங்க முடியாது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

நேரம் பற்றியும் ஒன்று. நமக்கு வருடம் முழுவதும் ஒரே நேரம். இலண்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. ரொறன்ரோவில் மாற்றுவது வேறு ஞாயிறுகளில். கூட்டம் எப்போது என்று பேசும்போது இரண்டு ஊர் நேரத்தையும் எழுதிவிடுங்கள். அழைப்பை கூகுள் நாட்காட்டியில் போட்டால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

பெயர் விஷயம் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தலைவலி. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதுகிறோம். வெளிநாட்டுத் தளங்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி தருகின்றன. ஒரு தளத்தில் தந்தை பெயரைக் கடைசியில் போட்டு, இன்னொன்றில் முதலெழுத்து மட்டும் போட்டு, வங்கியில் வேறுமாதிரி இருந்தால், கொடுப்பனவு வரும் நாளில் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். எனக்கு ஒரு தடவை ஐந்து வாரம் நின்றது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை எடுத்து, எல்லா இடத்திலும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அதையே போடுங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் எல்லோருக்கும் அறிவுரை தெரியும், செய்கிறவர்கள்தான் குறைவு. ஒவ்வொரு கணக்குக்கும் வேறு கடவுச்சொல், அதை நினைவில் வைக்க ஒரு கடவுச்சொல் பெட்டக மென்பொருள், மின்னஞ்சலுக்குக் கட்டாயம் இரட்டைச் சரிபார்ப்பு. சொல்லப்படாதது இதுதான்: அந்தச் சரிபார்ப்புக் குறியீடு குறுஞ்செய்தியில் மட்டும் வருமாறு வைத்திருந்தால், கைத்தொலைபேசி தொலைந்த அன்று நீங்களும் வெளியே நிற்பீர்கள். மின்னஞ்சல் கணக்கு தரும் மாற்றுக் குறியீடுகளை அச்சடித்து, பிறப்புச் சான்றிதழோடு அலுமாரியில் வையுங்கள். எங்கள் அயலில் ஒரு தங்கை கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் தொலைபேசியைத் தொலைத்தார். புதிய சிம் எடுக்கும் வரை நான்கு நாள் அவரால் ஒரு கணக்கையும் திறக்க முடியவில்லை. அந்த நான்கு நாளில் ஒரு வேலை கைமாறிப் போனது.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் பாலம் கடந்து என்னிடம் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். உயர்தரம் முடித்தவள். போன வருடம் அவளுக்கு ஒரு ‘வேலை வாய்ப்பு’ வந்தது. சம்பளம் நம்ப முடியாத அளவுக்கு நல்லது. வேலை விவரம் என்று சுருக்கப்பட்ட கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார்கள், திறக்கக் கடவுச்சொல்லும் தந்திருந்தார்கள். உள்ளே பிடிஎஃப் படத்தோடு ஒரு கோப்பு. “டீச்சர், திறக்கட்டுமா?” என்று கேட்டாள். கேட்டாளே, அதற்கே அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றியது. விண்டோஸ் வழமையாகக் கோப்புப் பெயரின் வால் பகுதியை மறைத்து வைத்திருக்கும். கோப்புறையின் ‘வியூ’ பகுதிக்குப் போய் அதைத் தெரியச் செய்தோம். பெயர் பிடிஎஃப் என்று முடிந்து, ஒரு புள்ளி வைத்து, மறுபடி ‘இஎக்ஸ்இ’ என்று நீண்டது. ஆவணம் இல்லை, இயங்கும் நிரல். திறந்திருந்தால் அவள் கணினியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் அவர்களிடம் போயிருக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் பார்க்க முடியாதிருக்கவே இப்படிக் கடவுச்சொல் போட்டுச் சுருக்குகிறார்கள். கோப்பு வால் தெரியும்படி வைப்பது ஒரு நிமிட வேலை. இதை வாசிப்பவர்கள் இப்போதே செய்துவிட்டு மீதியை வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விசைச் சுருக்குகளைப் பெரிய பட்டியலாகப் படிக்கத் தேவையில்லை. கன்ட்ரோல் இசட், கன்ட்ரோல் எஸ் எல்லோருக்கும் தெரியும். விண்டோஸ் விசையோடு ‘வி’ அழுத்தினால் கடைசியாகப் பிரதி எடுத்தவை எல்லாம் வரிசையாக வரும். மொழிபெயர்ப்பில் இது எனக்குப் பெரும் துணை. கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்தால் பெரும்பாலான இடங்களில் வடிவம் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும். இந்த நான்கும் போதும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் நான் கண்டிப்பானவள். ‘இறுதி’, ‘இறுதி இறுதி’, ‘இதுதான் இறுதி’ என்று பெயர் வைத்த கோப்பை நான் வாங்க மாட்டேன். ஆண்டு, மாதம், நாள் இந்த ஒழுங்கில் எட்டு இலக்கம், அதன் பின் வேலையின் பெயர், கடைசியில் எத்தனையாம் பதிப்பு. ஆண்டை முன்னால் வைத்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

போன மாதம் என் பழைய சொற்பட்டியலைக் கிண்ணியாப் பிள்ளையிடம் கொடுத்தேன். 2018இலிருந்து சேர்த்தது, நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஒரு மருத்துவக் கையேட்டுக்கு அவள் அதைப் பயன்படுத்தவேண்டும். மூன்றாம் நாள் மாலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்து போன பிறகு மின்னஞ்சலைத் திறந்தேன். எட்டு இலக்கத் திகதியோடு ஒரு கோப்பு, கீழே நான்கு வரி: “டீச்சர், பட்டியலில் 23 இடத்தில் ‘கௌ’ இரண்டு எழுத்தாக இருந்தது. ‘சௌ’ ஆறு இடம், ‘மௌ’ இரண்டு இடம். எல்லாம் மாற்றிவிட்டேன், மாற்றிய இடங்களைத் தனித் தாளில் போட்டிருக்கிறேன். உங்களுடைய பழைய கோப்பு அப்படியே இருக்கிறது, தொடவில்லை. மூடித் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.”